யாருக்கும் தெரியாமல் ஒரு நன்மை: கிறிஸ்துமஸ் வைக்கோல் தொட்டியைப் பிள்ளைகளுடன் எப்படி நடத்துவது?

மூன்று பிள்ளைகளின் தாய் | நவம்பர் 17

எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு கிறிஸ்துமஸ் வழக்கத்தைப் பற்றி உங்கள் ஆலோசனை வேண்டும். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் ஏறத்தாழ நான்கு வாரங்களான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று சிறிய தீவனத் தொட்டி ஒன்றை வெறுமையாகக் கூடத்தில் வைத்துவிடுவோம். அருகில் ஒரு கூடையில் வைக்கோல் இருக்கும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் இன்னொருவருக்குத் தெரியாமல் ஒரு நன்மை செய்துவிட்டு, எவரும் பார்க்காத நேரத்தில் ஒரே ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பாலன் இயேசுவின் சொரூபத்தை அதில் கிடத்தும்போது படுக்கை மெத்தென்று இருக்க வேண்டும் என்பதே பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லியிருக்கும் காரணம். பல நாடுகளில், குறிப்பாகக் கத்தோலிக்கக் குடும்பங்களில், வெவ்வேறு வடிவங்களில் இருந்துவரும் பழக்கம்தான் இது.

முதல் இரண்டு ஆண்டுகள் மிக அழகாக நடந்தது. மூன்றாம் ஆண்டில் ஆர்வம் சற்றுக் குறைந்தது. அதனால் சென்ற ஆண்டு நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறத்தில் நூல் கொடுத்து, அதை வைக்கோலில் கட்டிப் போடச் சொன்னேன். யாருடைய நிறம் அதிகமாக இருக்கிறதோ அவருக்குப் பரிசு என்றும் அறிவித்தேன். ஒரே வாரத்தில் தொட்டி நிரம்பி வழிந்தது. நடுவில் உள்ளவனுக்கு அப்போது ஏழு வயது. என் காதருகே வந்து, "நான் என்ன செய்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் போய் அலமாரியைப் பாருங்கள்" என்பான். நான்கு வயதுச் சின்னவள் கைப்பிடி நிறைய வைக்கோலை அள்ளிப் போட்டுவிட்டு, அண்ணன் அதைக் கண்டுபிடித்ததும் தேம்பித் தேம்பி அழுதாள். டிசம்பர் 20ஆம் தேதி விடியற்காலையில் நான் கூடத்துக்கு வந்தபோது, பெரியவன் தொட்டியின் முன் மண்டியிட்டு, தம்பியின் பச்சை நூல் கட்டிய வைக்கோல்களை ஒவ்வொன்றாக உருவி மீண்டும் கூடைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். நான் வந்தது அவனுக்குத் தெரியாது. அப்படியே திரும்பிப் போய்விட்டேன். அந்தக் காட்சி இன்றுவரை என் மனத்தைவிட்டு அகலவில்லை.

இப்போது அவர்களுக்குப் பதினொன்று, எட்டு, ஐந்து வயது. இந்த வழக்கத்தைத் தொடர வேண்டுமா, தொடர்ந்தால் எப்படித் தொடர வேண்டும் என்று தெரியாமல் நிற்கிறேன். பரிசு வேண்டாம் என்பது எனக்கே புரிந்துவிட்டது. ஆனால் பாராட்டும் கூடாதா? பிள்ளைகள் செய்வதைப் பெற்றோர் எவ்வளவு அறிந்திருக்க வேண்டும்? கடைசியில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை | நவம்பர் 17

சகோதரி, உங்கள் பிள்ளைகளிடம் எந்தக் குறையும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிற நூல் வந்த அன்றே அந்தத் தொட்டி மதிப்பெண் பலகை ஆகிவிட்டது. மதிப்பெண் பலகையின் முன் நிறுத்தினால் பிள்ளைகள் போட்டியாளர்களாகத்தான் நடந்துகொள்வார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் அதைத்தான் பார்த்தேன்.

இதற்கு நல்ல சான்று உண்டு. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் படம் வரைவதில் தாமாகவே ஆர்வம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு குழுவிடம் முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, எந்தக் கட்டாயமும் இல்லாத விளையாட்டு நேரத்தில் பார்த்தபோது, சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களின் ஆர்வம் அப்படிக் குறையவில்லை. ஆர்வத்தைக் கெடுத்தது, பரிசை முன்னே காட்டி அழைத்த அந்தப் பேரம்தான்.

வைக்கோல் தொட்டியின் உயிர் அதன் மறைவில் இருக்கிறது. இந்த எண்ணத்துக்குப் பழைய வேர் உண்டு. நான்காம் நூற்றாண்டில் மைரா நகரின் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸைப் பற்றி வழங்கிவரும் கதையில், வறுமையால் மூன்று பெண்களுக்கும் மணம் முடிக்க இயலாமல் தவித்த ஒரு தந்தையின் வீட்டுக்குள் அவர் இரவு நேரத்தில் சன்னல் வழியாகப் பொன் முடிப்பை எறிந்துவிட்டுப் போகிறார். இப்படி ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு முறை செய்கிறார். மூன்றாம் முறை அந்தத் தந்தை காத்திருந்து அவரைப் பிடித்துவிட, இதை எவரிடமும் சொல்லக் கூடாது என்று நிக்கோலாஸ் கேட்டுக்கொள்கிறார். டிசம்பர் 6 அவருடைய திருநாள்; திருவருகைக் காலத்துக்குள்ளேயே வருகிறது. அன்று மாலை பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். எதற்காக ஒளிந்து செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு நம்முடைய அறிவுரை எதுவும் தேவைப்படாது.

மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்று வரும் இடத்தையும் நீங்கள் அறிவீர்கள். அதில் என்னை எப்போதும் தொடுவது ஒன்று உண்டு. ஊராருக்குத் தெரியக் கூடாது என்பதோடு அந்த வாக்கியம் நின்றுவிடவில்லை. நம்முடைய இன்னொரு கைக்கே தெரியக் கூடாது என்கிறது. அப்படியென்றால் எண்ணிக்கொண்டிருப்பதும் கூடாது என்றுதான் பொருள்.

இருவரின் தந்தை | நவம்பர் 18

ஆசிரியை அம்மாவின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். பெரியவர்களுக்கு உரிய பக்குவத்தை ஐந்து வயதுக் குழந்தையிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த வயதுக் குழந்தை தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று தேடுவது பெருமைக்காக அல்ல. தான் செய்தது நல்லதுதானா என்று தெரிந்துகொள்ள அதற்கு நம் முகத்தைத் தவிர வேறு கண்ணாடி கிடையாது.

பரிசைப் பற்றி நீங்கள் சொன்ன ஆய்வோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் தொமசெல்லோவும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இருபது மாதக் குழந்தைகள் பிறருக்கு உதவியபோது சிலருக்கு விளையாட்டுப் பொருள் கொடுத்தார்கள், சிலரை வாயால் பாராட்டினார்கள், சிலருக்கு எதுவும் செய்யவில்லை. பொருள் பெற்ற குழந்தைகளே பின்னர் உதவுவதைக் குறைத்துக்கொண்டார்கள். பாராட்டுப் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. ஆகவே பரிசையும் பாராட்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது.

அதே மத்தேயுவில் ஓர் அதிகாரம் முன்னால் போனால், உங்கள் ஒளி மனிதர் முன் ஒளிரட்டும் என்றும் இருக்கிறதே. என் இளைய மகள் பால் கறையைத் துடைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "இது இரகசியம் இல்லையா, ஏன் சொன்னாய்?" என்று நான் கேட்டபோது அவள் முகம் சுருங்கிப்போனது. அன்று நான் ஒரு விதியைக் காப்பாற்றினேன், குழந்தையைக் கைவிட்டேன். இன்னொரு முறை அப்படிச் செய்ய மாட்டேன்.

பாட்டி | நவம்பர் 18

நான் நான்கு பிள்ளைகளை வளர்த்து, இப்போது பேரப்பிள்ளைகளுடன் இருப்பவள். எங்கள் வீட்டில் வைக்கோலோடு சீட்டும் உண்டு. ஞாயிறுதோறும் எல்லோருடைய பெயரையும் எழுதி மடித்துக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கு ஒன்று எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அவருக்கு அந்த வாரம் முழுவதும் மறைவில் நன்மை செய்ய வேண்டும். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் பரிசு கொண்டுவரும் குழந்தை இயேசுவைக் கிறிஸ்ட்கிண்டல் என்று அழைப்பார்கள். சில குடும்பங்களில் இந்தச் சீட்டு முறைக்கும் அதே பெயர்தான்.

எல்லோரும் கொடுப்பவரைப் பற்றியே பேசுகிறீர்கள். பெறுபவரின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஒரு வாரம் என் இரண்டாவது மகனுக்கும் அவன் தங்கைக்கும் பேச்சே இல்லை. ஏதோ ஒரு பென்சில் பெட்டியில் தொடங்கிய சண்டை அது. வியாழக்கிழமை காலை அவன் பள்ளிக்குக் கிளம்பும்போது பார்க்கிறான், காலணிகள் இரண்டும் துடைத்துப் பளபளவென்று வாசலை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. வழக்கமாக முடிச்சு விழுந்து கிடக்கும் கயிறுகளை யாரோ அவிழ்த்து, கால் நுழைகிற அளவுக்குத் தளர்த்தி வைத்திருந்தார்கள். ஒரு காலணியின் ஓரத்தில் மட்டும் கறுப்பு மெருகு சற்று அதிகமாகப் பூசப்பட்டு, விரல் தடம் பதிந்திருந்தது. சின்ன விரல். அவன் அதைக் குனிந்து நெடுநேரம் பார்த்தான். அதன்பின் நிமிர்ந்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அம்மாவா, அப்பாவா, அண்ணனா, தாத்தாவா, ஒருவேளை தங்கையேதானா? யார் என்று தெரியாததால் எல்லோரிடமும் அன்று அவன் மென்மையாக நடந்துகொண்டான். பெயர் தெரிந்திருந்தால் அந்த ஒருத்திக்கு நன்றி சொல்லிவிட்டு ஓடியிருப்பான்.

மறைவு கொடுப்பவரின் பெருமையை அடக்குகிறது என்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் பெறுபவரின் சந்தேகத்தை நல்ல திசைக்குத் திருப்புவதை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். சாதாரண நாள்களில் வீட்டில் எது காணாமல் போனாலும் யார் எடுத்தது என்றுதான் பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்தேகிப்பார்கள். அந்த நான்கு வாரங்களில் யார் செய்திருப்பார்கள் என்று சந்தேகிப்பார்கள்.

அந்த விரல் யாருடையது என்று எனக்கு அன்றே தெரியும். தம்பி சொன்ன பால் கறைக் குழந்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தனியாக இரகசியம் சுமக்க வலுவில்லை. அதற்கு ஒரு துணை கொடுங்கள். தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து ஒருவருக்கு மறைவில் செய்யட்டும். சொல்ல வேண்டும் என்ற ஆசை தாத்தாவின் காதோடு தீர்ந்துவிடும்.

குழந்தைகள் நல ஆலோசகர் | நவம்பர் 19

இந்த இழையைப் படித்து மகிழ்ந்தேன். இருப்பினும் என் பணியின் காரணமாக, ஒரு முக்கியமான எச்சரிக்கையைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பிள்ளைகளிடம் "இரகசியமாக வைத்திரு, யாரிடமும் சொல்லாதே" என்ற சொற்களை நாம் பழக்கும்போது, தவறான எண்ணம் கொண்ட ஒருவர் பின்னாளில் அதே சொற்களைப் பயன்படுத்தினால் குழந்தைக்கு வேறுபாடு தெரியாமல் போகக் கூடும். குழந்தைகளுக்குத் தீங்கு செய்பவர்கள் பலரும் அந்த வாக்கியத்தைத்தான் கருவியாகக் கொள்கிறார்கள்.

இதற்காக இந்த அழகான வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. சொல்லிக் கொடுக்கும் விதத்தில் கவனமாக இருந்தால் போதும். சொல்லப்போனால், நல்ல மறைவுக்கும் கெட்ட மறைவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்குக் கற்பிக்க இதைவிட இயல்பான வாய்ப்பு ஆண்டில் வேறு கிடைக்காது. நல்ல மறைவுக்கு ஒரு முடிவு நாள் உண்டு. அது வெளிப்படும்போது யாரும் வருந்த மாட்டார்கள். அதை மனத்தில் வைத்திருக்கும்போது குழந்தைக்கு உள்ளூரச் சிரிப்பு வரும். கெட்ட மறைவுக்கு முடிவு நாள் கிடையாது. சொன்னால் ஏதோ நடந்துவிடும் என்ற பயம் அதோடு ஒட்டியிருக்கும். நினைத்தாலே வயிற்றைப் பிசையும். இதைப் பிள்ளைகளே தங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லும்வரை பேசுங்கள். எங்கள் வீட்டில் இரகசியம் என்ற சொல்லையே நாங்கள் தவிர்க்கிறோம். "மறைநன்மை" என்று ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டோம்.

இதோடு இரண்டு விதிகளை முதல் நாளே உரக்கச் சொல்லிவிடுங்கள். அம்மாவிடமோ அப்பாவிடமோ எதையும், எந்த நேரத்திலும் சொல்லலாம். அதனால் எந்த விதியும் முறிந்துவிடாது, போட்ட வைக்கோலைத் திரும்ப எடுக்க வேண்டியதும் இல்லை. அடுத்து, இந்த ஏற்பாடு நம் வீட்டாருக்குள் மட்டுமே. வெளியார் எவரும், எவ்வளவு பழகியவராக இருந்தாலும், குழந்தையோடு தனியாக ஒரு மறைவைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, உயரமான அலமாரி ஆகியவற்றை மறைநன்மையின் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதும் அவசியம். ஒளிந்து செய்யும் அவசரத்தில் பிள்ளைகள் நாற்காலிமேல் நாற்காலி போட்டு ஏறிவிடுவார்கள்.

இருவரின் தந்தைக்கு ஒரு சொல்: உங்கள் மகளிடம் அப்படிக் கேட்டுவிட்டோமே என்று வருந்த வேண்டாம். அவள் உங்களிடம் வந்து சொன்னதே, உங்களிடம் எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று அவள் நம்புவதற்கு அடையாளம்.

மூன்று பிள்ளைகளின் தாய் | நவம்பர் 19

அனைவருக்கும் நன்றி. இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. இன்று இரவே பிள்ளைகளோடு பேசப்போகிறேன். என்னுடைய கடைசிக் கேள்விக்கு மட்டும் இன்னும் விடை வரவில்லை. கிறிஸ்துமஸ் அன்று யார் எதைச் செய்தார்கள் என்பதை வெளிப்படுத்தலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை | நவம்பர் 20

கூடாது என்பது என் உறுதியான கருத்து. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் அறத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். ஒருவரைத் தம் சொந்தக் காலில் நிற்கச் செய்வதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். அதற்கு அடுத்த படி, கொடுப்பவருக்குப் பெறுபவரையும் பெறுபவருக்குக் கொடுப்பவரையும் தெரியாமல் கொடுப்பது. கொடுப்பவருக்கு மட்டும் தெரிந்து பெறுபவருக்குத் தெரியாதிருப்பது மூன்றாம் படி; அதற்கு எடுத்துக்காட்டாக, ஏழைகளின் வாசலில் மறைவாகக் காசு போட்டுவிட்டுப் போன பழைய அறிஞர்களைச் சொல்கிறார். நம் வைக்கோல் வழக்கம் அந்த மூன்றாம் படியில்தான் நிற்கிறது. பெறுபவர் கூனிக் குறுகாமல் தலைநிமிர்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வரிசையின் அடிப்படை. கடைசி நாளில் பெயர்களை வாசித்தால், நான்கு வாரமும் பெறுபவர் சுமக்காத கடனை ஒரே நொடியில் அவர் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

இருவரின் தந்தை | நவம்பர் 20

அம்மா, ஏழையின் வாசலுக்குப் பொருந்துவது உடன்பிறந்தவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் எண்ணவில்லை. என் மகன் தன் தங்கைக்குக் கடன்பட்டவனாக ஒருநாள் உணர்ந்தால் அதில் என்ன கெடுதல்? என் வீட்டில் சென்ற ஆண்டு வெளிப்படுத்தினோம். தன் படுக்கையை வாரம் முழுவதும் விரித்து வைத்தது அம்மா அல்ல, அண்ணன்தான் என்று தெரிந்தபோது அவள் ஓடிப்போய் அவன் முதுகில் ஏறிக்கொண்டாள். அந்தக் கணத்தை நான் எந்தப் படிக்காகவும் இழக்க மாட்டேன்.

பாட்டி | நவம்பர் 20

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் வீட்டில் நான் வெளிப்படுத்தியதும் இல்லை, கேட்டால் மறுத்ததும் இல்லை. யாராவது கண்டுபிடித்து "நீதானே?" என்று கேட்டால், கேட்கப்பட்டவர் பொய் சொல்லக் கூடாது, சிரிக்கலாம் என்பது மட்டுமே விதி. மறைவுக்காகப் பொய் சொல்லப் பழகிவிட்டால் ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்கியதுபோல ஆகிவிடும்.

ஒற்றைப் பிள்ளையின் அம்மா | நவம்பர் 21

எங்கள் வீட்டில் மூவர்தான். சீட்டுக் குலுக்கினால் யாருக்கு யார் என்பது அரை நாளில் தெரிந்துவிடும். அதனால் வைக்கோலை மட்டும் வைத்துக்கொண்டு, மறைநன்மையை வீட்டுக்கு வெளியேயும் விரித்துவிட்டோம். வகுப்பில் தனியாக உட்காரும் பிள்ளையின் பக்கத்தில் போய் அமர்வது, நூலகத்தில் கலைந்து கிடக்கும் புத்தகங்களை எடுத்து அடுக்குவது போன்றவை. எல்லாம் பலர் நடமாடும் இடத்தில், அன்றாடம் நடக்கும் காரியங்கள். கிறிஸ்டின் லயூஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் நான்கு வாரங்களுக்கு வாரம் மூன்று நற்செயல்கள் செய்யச் சொன்னபோது, வகுப்புத் தோழர்களிடையே அவர்களுக்கு வரவேற்புக் கூடியது. திருவருகைக் காலமும் ஏறத்தாழ அதே நீளம்தான் என்பதைப் படித்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது. முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வருவதால், ஆண்டைப் பொறுத்து 22 முதல் 28 நாள்கள் கிடைக்கும்.

நடுப்பிள்ளை | நவம்பர் 22

நான் பெற்றோர் அல்லன்; இருபத்து மூன்று வயதானவன். எங்கள் வீட்டில் சீட்டு முறை இருந்தது. வாராவாரம் மாற்றாமல், நான்கு வாரத்துக்கும் ஒரே பெயர். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் பெயரை எடுத்த அண்ணன் அதை மறந்துவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை, பதினான்கு வயது, தேர்வுக் காலம், சீட்டைக் கால்சட்டைப் பையில் வைத்தவன் அப்படியே துவைக்கப் போட்டுவிட்டானாம். இதெல்லாம் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த நான்கு வாரமும் நான் காலையில் எழுந்தவுடன் தலையணையைத் தூக்கிப் பார்ப்பேன். புத்தகப் பையின் ஒவ்வொரு அறையையும் திறந்து பார்ப்பேன். தங்கையின் மேசையில் ஒருநாள் சீவிய பென்சில்கள் வரிசையாக இருக்கும், இன்னொரு நாள் காகிதத்தில் மடித்த பறவை இருக்கும். எனக்கு ஒன்றும் இருக்காது. கேட்கவும் முடியாது, கேட்டால் விதி மீறல். மூன்றாம் வாரம் ஒருநாள் காலையில் நானே என் போர்வையை மடித்து வைத்துவிட்டு, காலை உணவின்போது, "யாரோ என் போர்வையை மடித்து வைத்திருக்கிறார்கள்" என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். அம்மாவுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைப் பார்த்த பிறகு அதற்கு மறுநாளும் அப்படியே செய்தேன்.

இதை நான் யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அம்மா விதியை நேர்மையாகக் கடைப்பிடித்து, யாருக்கு யார் என்று தானும் அறியாமலே இருந்துவிட்டார். அதுதான் பிசகு. தயவுசெய்து வீட்டில் பெரியவர் ஒருவராவது சீட்டு விவரங்களை வைத்திருங்கள். ஒரு பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை என்று தெரிந்தால் நீங்களே மறைவில் செய்துவிடுங்கள், அதுவும் மறைநன்மைதான். மறைவு என்பது கவனிக்காமல் விடுவதற்குக் காரணம் ஆகிவிடக் கூடாது.

பாட்டி | நவம்பர் 22

தம்பி, உன் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்த விரல் தடம் யாருடையது என்று எனக்கு அன்றே தெரியும் என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? சீட்டுகளை மடித்துப் போடுவது எப்போதும் நான்தான். ஒவ்வொன்றின் மூலையிலும் எனக்கு மட்டும் தெரிகிற மடிப்பு ஒன்று இருக்கும். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நீ இப்போது சொல்லிவிட்டாய்.

மூன்று பிள்ளைகளின் தாய் | டிசம்பர் 28

இத்தனை அக்கறையோடு எழுதியவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை. நூல்களை எடுத்துவிட்டேன். பெரியவனிடம் தனியாக அமர்ந்து, சென்ற ஆண்டு விடியற்காலையில் நான் கண்டதைச் சொன்னேன். பரிசு என்று அறிவித்தது என் தவறு என்று அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். அவன் எதுவும் பேசவில்லை, ஆனால் எழுந்து போய்விடவும் இல்லை. ஞாயிறுதோறும் புதிய சீட்டு. விவரம் என் கணவரிடம் மட்டும் இருந்தது. சின்னவளுக்கு என் மாமியாரைத் துணையாக்கினோம். பாராட்டைப் பொறுத்தவரை, யார் செய்தார் என்று தேடாமல், செய்யப்பட்டதை மட்டும் உணவு வேளையில் வாய்விட்டுச் சொல்லி மகிழ்வது என்று வைத்துக்கொண்டோம். "இன்று என் மூக்குக் கண்ணாடியை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள், பகல் முழுவதும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது" என்று என் கணவர் சொன்னபோது, நடுவில் உள்ளவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது. பார்க்கப்பட வேண்டும் என்ற ஆசையும் மறைந்திருக்க வேண்டும் என்ற விதியும் அந்த இடத்தில் சேர்ந்தே நிறைவேறின என்று நினைக்கிறேன்.

எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. இரண்டாம் வாரம் நடுவில் உள்ளவன் முழுக்க மறந்துவிட்டான். அந்த வாரம் அவன் எடுத்த பெயர் அண்ணனுடையது என்பதால் அப்பா இருமுறை அந்த இடத்தை நிரப்ப வேண்டியதாயிற்று. சென்ற ஆண்டு நிரம்பி வழிந்த தொட்டியில் இம்முறை அடிப்பகுதி மட்டுமே மூடியிருந்தது. வெளிப்படுத்துவதில்லை என்று முடிவெடுத்து, கேட்டால் சிரிக்கலாம் என்ற பாட்டியின் விதியை எடுத்துக்கொண்டோம்.

24ஆம் தேதி இரவு சொரூபத்தைக் கிடத்துவதற்கு முன் பெரியவன் என்னைத் தனியே அழைத்தான். தம்பியின் கிழிந்த வரைபடத்தைப் பின்பக்கம் காகிதம் ஒட்டிச் சரிசெய்து வைத்ததாகவும், ஆனால் அதற்கு வைக்கோல் போடவில்லை என்றும் சொன்னான். ஏன் என்று கேட்டேன். "ஒட்டும்போது அவன் வந்து பார்த்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஒட்டினேன் அம்மா, அதனால் அது சேராது" என்றான். சேரும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, அவன் எண்ணியதை அவனிடமே விட்டுவிடலாம் என்று அடங்கிக்கொண்டேன். அவன் சற்று யோசித்துவிட்டுக் கூடையிலிருந்து ஒரு வைக்கோலை எடுத்து, சரிபாதியாக ஒடித்து, ஒரு துண்டைத் தொட்டியில் போட்டான். மறு துண்டைக் கூடையிலேயே திரும்ப வைத்தான்.

ஜனவரி 6, திருக்காட்சி விழாவன்று குடிலைக் கலைப்போம். அதுவரை அந்தத் துண்டு அங்கேயே இருக்கும்.